மற்றவை

"மெனு எழுதுறியா? எந்த ஓட்டலுக்கு?" என்று கேட்ட நாளிலிருந்து மாமா அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார். மாமா என்றால் அக்காவின் கணவர். நுரையீரல் பழுதாகி, கட்டிலருகே உறுமிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் கருவியின் தயவில் மூச்சு விடுகிறவர். அந்த நிலையிலும் வாய்க்கு மட்டும் ஓய்வில்லை.

மாஸ்டர் எழுதியது மின்சார அலுவலகத்தின் இணையதளத்துக்கான மெனு. பில் கட்ட எதைத் தொட வேண்டும், புகார் சொல்ல எதைத் தொட வேண்டும் என்று காட்டும் வரிகள். முன்பெல்லாம் ஒரு வரியை இடம் மாற்றவும் மொத்தத்தையும் பிரித்துப் போட்டுக் கட்ட வேண்டியிருந்தது. அவன் அத்தனையையும் ஒரே கோப்பில் அடக்கிவிட்டான். வரியின் பெயர், அது எங்கே கொண்டுபோகும், யார் பார்க்கலாம், எத்தனையாவது இடம். அவ்வளவுதான். கம்ப்யூட்டரைக் கண்டாலே கை நடுங்கும் குமாஸ்தாகூட மாற்றிவிடலாம்.

இட எண்ணைப் போடாமல் விட்டால்? அங்கேதான் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினான். மக்கள் அதிகம் தொடும் வரி தானாக மேலேறும். யாரும் தொடாத வரி இறங்கி இறங்கிக் கடைசியில் 'மற்றவை' என்ற அடிவரிக்குள் போய் ஒடுங்கிக்கொள்ளும். மேலதிகாரி அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எல்லா இட எண்களையும் எடுத்துவிடச் சொன்னார். அவனே எடுத்தான்.

சோதித்துப் பார்க்கும் வேலையிலிருந்த பெண் மட்டும் முகம் சுளித்தாள்.

"அழுத பிள்ளைக்குத்தான் பாலா? சில பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பு இருக்காதே."

எதிலும் நொட்டை சொல்வதுதான் அவள் பிழைப்பு என்று சிரித்து மழுப்பிவிட்டான். பாவி, அன்றைக்குக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

'வீட்டில் உயிர்காக்கும் கருவி' என்று ஒரு வரி அந்த மெனுவில் இருந்தது. மின்தடை அறிவித்தால் முந்தின நாளே அதில் பதிய வேண்டும். ஜெனரேட்டர் வண்டி வாசலுக்கு வந்துவிடும். ஊரில் எத்தனை பேர் வீட்டில் அப்படிக் கருவி இருந்துவிடப் போகிறது? அக்கா வீடு, இன்னும் சில வீடுகள். வரி சத்தமில்லாமல் இறங்கிப்போனது.

பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் இருக்காது என்று அறிவிப்பு வந்ததும் அக்கா போனை எடுத்தாள். போன தடவை முகப்பிலேயே இருந்த வரியைக் காணவில்லை. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு 'புகார்' என்பதற்குள் போய் விவரமெல்லாம் எழுதி அனுப்பினாள். பதிவு ஏற்கப்பட்டது என்று பதில் வந்தது, நிம்மதியாகத் தூங்கப் போனாள். புகார்களை அலுவலகத்தில் வரிசைப்படி ஒவ்வொன்றாகத்தான் பிரித்துப் பார்ப்பார்கள், அவளுடையதன் முறை வர நாளாகும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் கருவியின் பேட்டரி ஓடியவரை மாமா கிண்டலடித்துக்கொண்டுதான் இருந்தார். தம்பிக்குப் போன் போடட்டுமா என்று அக்கா கேட்டதற்கு, மாஸ்டர் அடுப்படியில் இருப்பான், அதுதான் பதிந்தாயிற்றே, வண்டி வந்துவிடும் என்று தடுத்துவிட்டார். அவள் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். வண்டி வரவில்லை. பேட்டரி நின்றதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அது வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்துபோன பிறகு அக்கா இதையெல்லாம் தம்பியிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"எனக்குத்தான் தேடத் தெரியலடா. நீ செஞ்சது, சரியாத்தான் வச்சிருப்ப."

நான்தான் அதை ஒளித்து வைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தான். அக்கா அதைக் கவனிக்கவில்லை. மின் இணைப்பு மாமா பெயரில் இருக்கிறதாம், மாற்ற வேண்டுமாம். போனை அவன் கையில் கொடுத்தாள்.

மெனு திறந்தது. பில் கட்டும் வரிக்கு அடுத்தபடியாக, பளிச்சென்று, 'இறந்தவர் பெயரிலுள்ள இணைப்பை மாற்ற' என்று இருந்தது. தினம் யாராவது இறந்துகொண்டுதான் இருக்கிறார்கள், வரி மேலேறிவிட்டது.

அக்கா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நல்லவேளை, இதைத் தேட வேண்டாம்."

அவனால் அதைத் தொட முடியவில்லை. விரல் திரைக்கு மேலேயே நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அக்காவே கை நீட்டித் தொட்டாள். அந்த வரியின் கணக்கில் ஒன்று கூடியது.