பாலத்துக்கு இரண்டே சொற்கள்

1
இந்தக் கதை நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது கிடைத்தது. பாலத்தில் ஏறியதும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பாலத்தைத் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்ந்தது.

2
முதல் தொடக்கம்: வானம் கறுத்திருந்த ஒரு மாலையில் அந்தப் பழைய பாலம்...
(வேண்டாம். எந்த வானத்தின் கீழும் பாலம் அப்படியேதான் இருக்கிறது.)

அடுத்தது: பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர் ஒருத்தி. தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே இருக்கும் ரப்பர் மெத்தை வெடித்திருப்பதைப் பார்க்கிறாள். மாற்றினால் போதும். ஆனால் துறையின் விதியில் பாலத்துக்கு இரண்டே சொற்கள்: 'நலம்', 'அபாயம்'. நலமான பாலத்துக்குப் பணம் ஒதுக்கமாட்டார்கள். அபாயமானதை உடனே மூடிவிட்டு, என்றைக்காவது புதிதாகக் கட்டுவார்கள்.

நான் வந்த அந்தப் பேருந்தை ஓட்டுவது அவள் தம்பி.

3
மேலதிகாரியை வில்லனாக்கப் பார்த்தேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். அவர் பேசத் தொடங்கியதும் எடுத்துவிட்டேன்.

"நலம்னு போடும்மா."

"வெடிச்சிருக்கு சார்."

"அப்ப அபாயம்னு போடு. நாளைக்கே மூடிடுவாங்க. அக்கரை ஜனங்க நீந்தியா வருவாங்க?"

"மெத்தைய மாத்துனா போதும் சார். சின்ன வேலை."

"சின்ன வேலைக்கு யாரும்மா ரிப்பன் வெட்ட வருவாங்க? நானும் எழுதி எழுதி ஓஞ்சுட்டேன்."

வீட்டில் தம்பி கேட்டான்: "என்னக்கா போட்ட?"

"ஏன்டா?"

"தெரிஞ்சா மெதுவா போவேன்."

"இப்பவே மெதுவாத்தானே போற?"

"அது பழக்கத்துல."

4
முடிவு ஒன்று: 'நலம்'. (அடுத்த பத்தியில் தம்பியைப் பாலத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. கை வரவில்லை.)

முடிவு இரண்டு: 'அபாயம்'. அக்கரையில் ஒரு நிறைமாதக்காரி...
(உங்களை அழவைக்கக் கூட்டிவந்த பெண். மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டேன்.)

அப்புறம்தான் உறைத்தது. அந்தத் துறையைப் போலவே நானும் இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு அவளை நெருக்கிக்கொண்டிருந்தேன்.

அவள் படிவத்தில் இருந்த இரண்டு சொற்களையும் அடித்தாள். 'பழுது பார்க்க வேண்டும். அதுவரை ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டும்' என்று எழுதினாள்.

"இதுக்கு விதியில இடமில்லையேம்மா."

"தெரியும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவள் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதையும் போட்டு மேலே அனுப்பினார்.

5
கோப்பு இப்போது விதிகளை எழுதுகிறவர்களின் மேசையில் இருக்கிறது. இந்தக் கதையில் மற்ற எல்லோரையும் நான் படைத்தேன். விதி எழுதுகிறவர்களை ஓட்டுப் போட்டு அங்கே உட்காரவைத்தது நான் இல்லை, நீங்கள். ஆகவே முடிவும் உங்களிடம்தான் இருக்கிறது.

தம்பியின் பேருந்து பாலத்தில் ஏறுகிறது. இன்று அக்காவும் அதில் இருக்கிறாள். பேச்சு நின்றுவிட்டது. நானும்