வெள்ளை நாற்று

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. என் தொண்டை முன்போல் இல்லை. ஒரு கீரையின் கதை சொல்லப்போகிறேன். சிரிப்பு கொஞ்சம்தான் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு விதைக் கம்பெனியில் புதுக் கீரை வகைகளை உருவாக்குகிற ஒருவர் இருந்தார். ஊரெல்லாம் பச்சைக் கீரை தின்றுகொண்டிருக்க, இவர் மட்டும் பொன் நிறத்தில் இலை விடும் கீரை ஒன்றைக் கட்டிக்கொண்டு மாரடித்தார். 'மஞ்சக் கிறுக்கர்' என்றுதான் முதுகுக்குப் பின்னால் பேச்சு. அவர் மனைவிக்கும் அங்கேயே வேலை. விடிந்ததும் நாற்றுக் கொட்டகையைத் திறந்து, விதை முளைக்கும் குழித்தட்டுகளுக்குத் தண்ணீர் தெளிப்பாள்.

அந்தப் பொன்னிலைக்கு ஒரு பொல்லாத குணம். அதன் விதையைப் போட்டால் பாதிதான் பொன்னாக வரும். கால்வாசி சாதாரணப் பச்சை. மீதிக் கால்வாசி காகிதம் போல வெள்ளை. வெள்ளை நாற்றில் பச்சையம் கிடையாது. விதைக்குள் இருந்த உணவு தீர்ந்ததும் தலை சாய்ந்துவிடும். பொன் நிறம் தருகிற மரபணு தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தால் அழகு, இருவரிடமிருந்தும் வந்தால் சாவு.

அவர் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "நிறம் வேற, சாவு வேற. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. என்னைக்காவது ஒரு செடியில பிரியும் பாரு," என்பார். பிரிந்து நிலைத்துவிட்டால், அந்தச் செடியின் பிள்ளைகளில் வெள்ளையும் இராது, பச்சையும் இராது.

முதலாளி ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இந்தப் பருவத்துக்குள் பிரியாவிட்டால் அவருக்கும் வேலை இல்லை, அந்தக் கீரை ஆராய்ச்சியும் இல்லை. அன்றிலிருந்து மனுஷன் சாப்பாட்டைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுவார். நாற்றுத் தட்டில் முதல் வெள்ளையைக் கண்டதும் முகம் செத்துப்போகும்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு காலையில், அவர் வருவதற்கு முன், ஒரே ஒரு தட்டில் இருந்த வெள்ளையையும் பச்சையையும் சாமணம் என்கிற சின்ன இடுக்கியால் பிடுங்கி எறிந்தாள். அவர் முன்பே எண்ணிப் பார்த்து வேண்டாம் என்று ஒதுக்கிய தட்டுகளிலிருந்து பொன் நாற்றுகளை எடுத்து அந்தக் குழிகளில் நட்டாள். இன்றைக்கு ஒரு நாள் வயிறாரச் சாப்பிடட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அவர் வந்தார். தட்டருகே குந்தினார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

"இங்க வா. ஒரு வெள்ளை காட்டு பாப்போம்," என்றார். சிரித்தார்.

விதை சுத்தம் செய்கிறவன், 'சல்லடை' என்று பெயர் வாங்கினவன், வாசலில் நின்றான். "ஐயாவுக்குப் பல்லு இருக்குங்கறதே இன்னைக்குத்தான் தெரியுது," என்றான்.

அப்படிச் சிரித்தவரிடம் மறுநாள் எந்த வாயால் சொல்வது? அந்தச் செடிகள் விதை கட்டின. உறுதி செய்ய மறுபடி விதைத்தார். மறுபடியும் அவள் சாமணத்தோடு விடியலில் நின்றாள். முதல் தடவை கையை நடத்தியது அன்பு. இரண்டாம் தடவை பயம்.

விதை பெருகி விற்பனைக்குப் போனது. அவளுடைய தம்பி வந்து நின்றான். "அக்கா, நிலம் முழுக்க மாமாவோட கீரைதான்."

"கொஞ்சமாப் போடேன்டா."

"ஏன், மாமா மேல உனக்கே நம்பிக்கை இல்லையா? போய் அவர்கிட்டச் சொல்லிடவா?"

"வேண்டாம்டா. உன் இஷ்டப்படி போடு," என்றாள்.

முளைத்த வாரத்திலேயே பாத்திகளில் வெள்ளை தலை சாய்ந்தது. மிச்சம் பச்சையும் பொன்னுமாகக் கலந்து கிடந்தது. சந்தையில் அந்தக் கதம்பத்தை எவரும் தொடவில்லை. தம்பியின் குத்தகை நிலம் கைவிட்டுப் போனது. முதலாளி விசாரித்தபோது, "விதை சுத்தம் பண்ற இடத்துல கலந்திருக்கு," என்றார் கணவர். சல்லடையை அன்றே வெளியே அனுப்பினார்கள்.

அன்று வீட்டில் அவள் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"பச்சை கலக்கலாம். வெள்ளை கலக்காது. அது விதை கட்டுற வரைக்கும் உயிரோட இருந்தாத்தானே," என்றார். "சேதி வந்தப்பவே எனக்குத் தெரியும், எங்கயோ தப்பு நடந்திருக்குன்னு."

"தெரிஞ்சுமா அந்த ஆளை அனுப்பினீங்க?"

"பேசாம இரு. வேலை போயிடும்."

அவளால் பேசாமல் இருக்க முடியவில்லை. மறுநாள் முதலாளியின் மேசைக்கு முன்னால் நின்று, எல்லார் காதிலும் விழச் சொன்னாள். சல்லடைக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கணவன் மனைவி இருவரும் வேலையிழந்து வெளியே வந்தார்கள். பொன் விதை முழுவதையும் எரித்துவிட்டார்கள். தம்பி பிறகு அவள் வாசலை மிதிக்கவில்லை.

கணவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. வேறு பேச்சும் இல்லை. சில நாளைக்கு ஒருமுறை மட்டும் கேட்பார்.

"அந்த முதல் தட்டுல நிஜமாவே வெள்ளை இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். நாலு நாள் கழித்து மறுபடி கேட்பார். சாகிற வரைக்கும் கேட்டார்.

எழுந்திருங்கள், கண்ணுகளா, நேரமாகிவிட்டது. உங்கள் வீட்டில் யாரும் யாருக்காகவும் கெட்ட சேதியை ஒளிக்க வேண்டாம். அழுகை வந்தால் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அழுங்கள். உங்கள் அடுப்பு அணையாமல், உங்கள் பிள்ளைகள் பசியாறி நன்றாக இருக்கட்டும்.