கல்யாணத்துக்கு வெட்டிய ரோஜாக்கள்

பிப்ரவரி கடைசி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரமே கோடை வெயிலில் வறுபட்டுக் கிடந்தபோது, வெர்னா டிரெம்பத் தன் ரோஜாச் செடிகளின் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். பூ, மொட்டு, இலை எதையும் கத்தரி விட்டுவைக்கவில்லை. காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்த மகள் டீகன், இடுப்புயரக் குச்சிகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா! என்ன பண்ணி வச்சிருக்கே? ஏப்ரல்ல இங்கதான் கல்யாணம்னு அடம் பிடிச்சது நீதானே?"

"அதுக்குத்தான்டி வெட்டறேன். இப்ப வெட்டினா ஏழு வாரத்துல பாத்தி முழுக்கப் பூ. கல்யாணத்தன்னைக்கு எனக்கு நன்றி சொல்ல வார்த்தை கிடைக்காம நீ முழிக்கணும்."

கிரிக்கெட் கிளப் கூடத்தில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் டீகன் முதலில் சொன்னாள். பிளாஸ்டிக் நாற்காலிக்கும் பீர் வாடைக்கும் நடுவிலா என் மகள் கல்யாணம் என்று வெர்னா ஒரே பேச்சில் அதை அடித்துவிட்டாள். ரோஜாப் பாத்தி முன்னால்தான் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்க வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டாள், அதை நிறைவேற்றுவதில் அவளுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. அந்தத் தெருவில் யார் வீட்டுச் செடி வாடினாலும் அவளைக் கேட்காமலே யோசனை கிடைக்கும்.

ஊரில் தண்ணீர்க் கட்டுப்பாடு; வீட்டு எண்ணைப் பொறுத்து வாரம் இரண்டு நாள்தான் தெளிப்பான் போடலாம். அந்த இரண்டு நாளும் விடிவதற்குள் வெர்னா குழாயைத் திறந்துவிடுவாள். பாத்தி கருகருவென்று நனைந்து பார்க்கவே குளிர்ச்சியாக இருக்கும்.

"குச்சிக்கெல்லாம் நல்லா தண்ணி காட்டு வெர்னா," என்றார் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த டட்லி மொய்ல். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவளை வம்புக்கு இழுப்பதுதான் இப்போது அவருடைய முழுநேர வேலை. "கல்யாணத்தன்னைக்குப் பந்தல் போட உதவும்."

"பூத்தப்புறம் ஒண்ணு குடுன்னு பல்லை இளிச்சுக்கிட்டு வருவே இல்ல, அப்ப பேசிக்கறேன்."

ஆனால் மார்ச் பாதி போயும் ஒரு குச்சியிலும் துளிர் இல்லை. வெயில் அதிகம், அதனால் தாமதம் என்று வெர்னா ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலை டீகன் போன் செய்தாள்.

"அம்மா, கோவிச்சுக்காதே. கிளப் கூடத்தைச் சொல்லி வச்சிருக்கேன். சும்மா, ஒரு முன்ஜாக்கிரதைக்கு."

வெர்னாவுக்குச் சுருக்கென்று தைத்தது. போனை வைத்துவிட்டு, கோபம் தலைக்கேறத் தோட்டத்துக்குப் போய், மண் கிளறும் கவைக்கோலை ஓங்கிப் பாத்தியில் குத்தினாள். நெம்பித் தூக்கியதும் சாம்பல் நிறத்தில் மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. மேலே விரற்கடை ஈரம். கீழே வேர் வரைக்கும் காய்ந்த தூள். ஒரு குவளைத் தண்ணீரை அந்தத் தூள்மேல் ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் உள்ளே இறங்காமல், எண்ணெய் தடவிய சட்டியில் விழுந்ததுபோல் உருண்டு ஓடிவிட்டது.

அவளுக்குத் தெரியாத விஷயமா இது? கோடையில் இந்த ஊர் மணல் மெழுகு பூசிக்கொள்ளும், தண்ணீரைத் தள்ளிவிடும். வருஷா வருஷம் வெயில் தொடங்குமுன் மண்ணை இளக்கும் மருந்தைக் கரைத்து ஊற்றுவாள். இந்த வருஷம் கல்யாணத் துணி, அழைப்பிதழ் என்று அலைந்ததில் சுத்தமாக மறந்துவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வேலிக்கு மேலே டட்லியின் தொப்பி தெரிந்தது. "போன வருஷம் என் எலுமிச்சைக்கு இதே பாடத்தை நீ ஒரு மணி நேரம் எடுத்தே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. சிரிச்சு முடிச்சிட்டு வாளியைத் தூக்கிட்டு வா."

அன்று தெளிப்பான் போடும் நாள் இல்லை; கையால் ஊற்றத் தடையில்லை. வெர்னா செடியைச் சுற்றிக் குத்திக் குத்தித் துளை போட, டட்லி மருந்து கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். முதல் வாளி ஓடிப்போனது. மூன்றாவது வாளியை மண் குடிக்கத் தொடங்கியது. மேலே வைக்கோலைப் பரப்பிவிட்டு நிமிர்ந்தபோது வெர்னாவுக்கு இடுப்பே கழன்றுவிட்டதுபோல் இருந்தது. ஒரு வாரத்தில் குச்சிகளில் சிவப்புத் துளிர் வந்துவிட்டது. வெர்னா மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு மகளை அழைத்தாள்.

"பூ நிச்சயம் வரும். ஆனா உன் கல்யாணத்துக்கு வராது. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். நீ கூடத்திலேயே வச்சுக்கோ."

டீகன் சொன்னாள்: "தப்புப் பண்ணிட்டேன்னு நீ சொல்லி இப்பதாம்மா முதல் தடவையா கேக்கறேன். கூடம் வேண்டாம். மொட்டு முன்னாடியே நிக்கறோம்."

அப்படியே நின்றார்கள். பாத்தி முழுக்க இறுக மூடிய பச்சை மொட்டுகள். மாப்பிள்ளை லாக்லன் அதில் ஒன்றைக் கோட்டில் குத்திக்கொண்டான். வந்தவர்கள் எல்லாரும் தோட்டம் அழகு என்று மரியாதைக்குச் சொன்னார்கள். வெர்னா நன்றி சொல்லவில்லை. "பதினஞ்சு நாள் கழிச்சு வந்து பாருங்க," என்றாள் ஒவ்வொருவரிடமும்.

தேனிலவு முடிந்து டீகன் ஊர் திரும்பிய அன்று பாத்தி சிவப்பும் வெளிர் மஞ்சளுமாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கல்யாணத்தன்னைக்குன்னுதானேம்மா சொன்னே?" என்றாள், சிரிப்பும் அழுகையுமாக.

"ஆமாம் சொன்னேன்," என்றாள் வெர்னா, ரப்பர் பூட்சோடு குழாயை மூடியபடி. "போய்க் கல்யாண உடுப்பை மாட்டிக்கிட்டு வா. டட்லி! போனை எடுத்துக்கிட்டு இங்க வா, கல்யாணப் படம் எடுக்கணும்."