வருகிற வழி

அந்த ஊரை விட்டு ஒருவர் மூட்டை கட்டிப் போனால், ஊருக்குள் வரும் சாலை ஒரு மாதப் பயணம் நீண்டுவிடும். வெளியே போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. சைக்கிளில் மிதித்தால் முக்கால் மணி நேரம், அன்றும் சரி, இன்றும் சரி. இதைச் சரிபார்க்க ஊர்த்தலைவர் டேப் பிடித்து அளந்துகொண்டே வெளியே போனார். ஒன்பது கிலோமீட்டர், ஓர் அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்புறம் அவராலும் திரும்பி வர முடியவில்லை என்பதால், போனவர்கள் கணக்கில் அவரையும் சேர்க்க வேண்டியதாயிற்று.

தையல்காரியின் புருஷன் மெஷினுக்கு பெல்ட் வாங்கக் காலையில் டவுனுக்குப் போய், மத்தியானம் பஸ் ஏறிவிட்டதாக போன் பண்ணினான். அப்போது ஊரில் முந்நூறு பேர், அவர்களுடைய மகளுக்கு நாலு வயது. அன்று காலையில்தான் பள்ளிக்கூடத்தை நிரந்தரமாக மூடியிருந்தார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள் பதினோரு குடும்பம் அந்த மத்தியானமே ஒரேயடியாகக் கிளம்பிற்று. பஸ் நடுவழியில் மாட்டிக்கொண்டது. திருப்பலாமென்றால் சாலை அவ்வளவு குறுகல். பஸ் திரும்புவதற்கு இடம் ஊர் எல்லையில்தான் இருந்தது. டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு ஓட்டிக்கொண்டே இருந்தார். போனவர்கள் யாரும் வழியில் அந்த பஸ்ஸைப் பார்க்கவில்லை. ஹாரன் சத்தம் மட்டும் பக்கத்தில் கேட்டதாகச் சொன்னார்கள்.

ஊரை விட்டுப் போகிறவர்கள் புதுத்துணி போட்டுக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. போகிற இடத்தில் யாரும் இளப்பமாகப் பார்க்கக் கூடாதாம். தைப்பதற்கு இவளை விட்டால் ஆள் ஏது? அறுந்த பெல்ட்டுக்குப் பதில் பழைய டியூபைக் கீறி மாட்டி, ரவிக்கை, பாவாடை, அரைக்கால் சட்டை என்று தைத்துக் குவித்தாள். பொத்தானுக்கு ஒவ்வொரு காஜா எடுக்கும்போதும் புருஷனைத் தன் கையாலேயே இன்னும் தூரத்துக்குத் தள்ளிவிடுகிற மாதிரி நெஞ்சு எரிந்தது. ஒரு வருஷம், தைக்க மாட்டேன் போங்கள் என்று வீம்பாக உட்கார்ந்து பார்த்தாள். பழைய துணியிலேயே போனார்கள். நல்ல மனுஷர்கள்.

மகளுக்கு இருபத்திரண்டு வயதில் டவுனில் வேலை கிடைத்தது. அவள் போகமாட்டேன் என்று மூன்று நாள் சுருண்டு கிடந்தாள்.

"நான் போனா அப்பாவுக்கு இன்னும் ஒரு மாசம் கூடுமேம்மா."

"ஒரு மாசம்தானேடி. உனக்கு ஒரு ஆயுசு கிடக்கு."

தைத்ததிலேயே அந்தச் சுடிதாருக்குத்தான் தையல் கோணிப் போயிற்று. பிரித்துப் பிரித்துத் தைத்தாள். மகள் வழியில் ஹாரன் சத்தம் கேட்ட இடத்தில் சைக்கிளை நிறுத்தி, இருட்டும் வரை நின்று பார்த்துவிட்டுப் போனாள். போய்ச் சேர்ந்ததிலிருந்து ஒரே நச்சரிப்பு: ரூம் எடுத்திருக்கிறேன், ஜன்னல் இருக்கிறது, நீயும் வந்துவிடு. அடுத்த வருஷம், மிச்சமிருந்த ஒரே குடும்பமான மாவு மில்காரரும் அவர் சம்சாரமும் போனார்கள். போகும்போது மில் சாவியை இவளிடம் கொடுத்தார்கள். சுற்றிவர எல்லா வீட்டுச் சாவியும் அவளிடம்தான் இருந்தது. மகள் அன்று ராத்திரியே போனில் அழுதாள். தையல்காரி துணிகளை எடுத்துப் பையில் வைத்தாள். பிறகு எடுத்துக் கொடியில் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்துப் புருஷன் கூப்பிட்டான். பத்தொன்பது வருஷத்தில் அவன் குரல் அவ்வளவு தெம்பாக இருந்ததில்லை.

"ரெண்டு மாசமா ரோடு நீளவே இல்ல, தெரியுமா? டிரைவரே ஆச்சரியப்படறாரு. நம்ம ஜனங்களுக்குக் கடைசியில புத்தி வந்துருச்சு போல."

அவள் வாசலில் நின்றிருந்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பூட்டு. தெருவில் தன் மூச்சே தனக்குக் கேட்டது. சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது.

"ஆமாங்க," என்றாள். "இப்பல்லாம் யாரும் போறதில்ல."

"இப்படியே இருந்தா ஆறு வருஷத்துல வந்துருவேன். நீ எங்கயும் போயிடாத."

"நான் எங்க போகப்போறேன். நீங்க பாத்து வாங்க."

அதற்குப் பிறகு அந்தச் சாலை நீளவில்லை.