வடக்குச் சுவரில் சிமெண்ட்

நாளை நண்பகலுக்குள் மலாக்கியைப் புதைத்தாக வேண்டும். குழி வெட்டப் போன பக்கத்துப் பண்ணை ஜார்லத் மண்வெட்டியோடு திரும்பி வந்து நின்றான். மடத்தின் வடக்குப் பக்கம் தொல்பொருள் துறைக்காரர்கள் இரும்பு வேலி போட்டுப் பூட்டிவிட்டார்களாம்.

அயர்லாந்தின் பழைய கில்வாரா மடம் சிலுவை வடிவத்தில் கட்டப்பட்டது. அதன் வடக்குக் கையில்தான் மலாக்கியின் குடும்பமான டூஹிகள் ஏழு தலைமுறையாகப் படுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்து அரசன் துறவிகளை விரட்டிவிட்டுக் கூரை ஈயத்தை உருக்கிக்கொண்டு போனதிலிருந்து உள்ளே ஊர்ப் பிணங்கள்தான். தன் அப்பா பக்கத்தில் போடச் சொல்லி மலாக்கி கேட்டிருந்தார். நாற்பத்தொன்பது வருடத்தில் மனிதர் மனைவி அட்ராக்டாவிடம் கேட்ட ஒரே காரியம் அது. அவளும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

தொல்பொருள் அலுவலகத்துக்கு ஐந்து முறை போன் போட்டாள். ஒருவர் இன்னொருவரிடம் தள்ளிவிட்டார். அவர் காத்திருக்கச் சொல்லிப் போனில் யாழ் இசையைக் கேட்கவிட்டுக் காணாமல் போனார். கடைசியில் கிடைத்தவர், மடத்துக்குள் தோண்ட இரண்டு மாதம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றார்.

"சாகறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே எழுதிப் போடணும்னு அந்த மனுஷனுக்குத் தோணலையே" என்று சொல்லிப் போனை வைத்தாள். துக்கத்துக்கு வந்தவர்களை டீயோடும் சாண்ட்விச்சோடும் விட்டுவிட்டு, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு மழையில் வயலைக் கடந்தாள். ஜார்லத்தும் பின்னாலேயே வந்தான்.

வேலியருகே டெர்வ்லா என்ற தொல்பொருள் துறையின் இளம் பொறியாளர் நின்றிருந்தாள். அவளை வாங்கு வாங்கென்று வாங்கத்தான் அட்ராக்டா வந்திருந்தாள். அதற்குள் அந்தப் பெண் சுவரைக் காட்டினாள். கூர்வளைவுக்குக் கீழே கற்கள் நிறைமாத வயிறுபோல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தன.

"இது சுண்ணாம்புச் சுவரும்மா. தண்ணி உள்ள போனாலும் வெளிய வந்துடும். எவனோ ஒரு புண்ணியவான் மேல சிமெண்ட் பூசிட்டான். தண்ணி உள்ளயே நின்னு, பனியில உறைஞ்சு உறைஞ்சு கல்லைத் தள்ளிடுச்சு. எண்ணூறு வருஷம் நின்னது, அம்பதே வருஷத்துல போச்சு. இதுக்குக் கீழ நாலு பேரைக் குழி வெட்ட எப்படி விடுவேன்?"

அட்ராக்டா அந்தச் சிமெண்டைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முந்தைய கோடை. சுவர் விரிசலைப் பற்றிச் சர்க்காருக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராத கோபத்தில், மலாக்கி டிராக்டரில் சிமெண்ட் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார். சர்க்காரை நம்பினால் அப்பாவின் கல்லறைமேல் சுவர் விழும் என்றார். ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தது அவள்தான். வேலை முடிந்ததும் ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறினார். தோளுயரத்தில் இன்னும் இருந்தது: அவருடைய முதலெழுத்து, அதன் கீழே சின்னதாக அவளுடையது. பாழாய்ப்போன அவசரக்குடுக்கை என்று மனதுக்குள் திட்டினாள். அழுகையும் வந்தது.

"யார் பண்ணதுன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று டெர்வ்லா கேட்டாள்.

தெரியாது என்றாள் அட்ராக்டா.

மடத்து வாசலுக்கு வந்ததும், சாலைக்கு அந்தப் பக்கமிருக்கும் புதுக் கல்லறைத் தோட்டத்தில் வெட்டும்படி ஜார்லத்திடம் சொன்னாள். அவன் எழுத்துகளைப் பார்த்திருந்தான். தலை குனிந்தபடி கேட்டான்.

"ஊர்ல கேப்பாங்களே அட்ராக்டா. என்னன்னு சொல்றது?"

"கவர்மெண்ட் விடலைன்னு சொல்லு."