நாத்தனார் வாய்

"எனக்குக் கொஞ்ச நாளா காது சரியா கேக்கல. ஒரு கண்ணாடி போட்டுக் குடுங்க" என்று என் அண்ணனின் கடையில் வந்து நின்றவள்தான் எனக்கு அண்ணியானாள்.

அண்ணன் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். தெருவில் அவனுக்கு லென்சு என்றுதான் பெயர். வந்தவள் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சல் அவளுடைய இரண்டு காதுகளையும் அடைத்துவிட்டுப் போயிருந்தது. அதற்குள் பேச்சு நாக்கில் படிந்துவிட்டதால் பேசுவாள். ஏற்ற இறக்கம் இல்லாமல், கொஞ்சம் உரக்க. மற்றவர் பேசுவதை உதட்டைப் பார்த்தே படித்துக்கொள்வாள். பார்வை மங்கினால் அவளுக்குப் பேச்சும் மங்கிவிடும். அதைத்தான் அப்படிச் சொன்னாள்.

கண்ணாடி போட்டுக்கொண்டு அவள் தெளிவாகப் பார்த்த முதல் உதடு அண்ணனுடையது. "எங்க பார்த்தாலும் மென்னு முழுங்கிப் பேசுறானுங்க. இவர் வாய் அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு" என்பாள். அவளோடு பேசும்போது அவன் எதிரில் வந்து, வெளிச்சத்தைப் பார்த்து நிற்பான். கோபத்தில்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டான். எல்லா எழுத்தும் உதட்டில் தெரியாது என்பதை அவர்கள் வீட்டில்தான் தெரிந்துகொண்டேன். 'ப'வும் 'ம'வும் ஒன்றுபோலவே இருக்கும். ஒருமுறை அண்ணன் அலுத்துப்போய் "நான் படுற பாடு" என்றான். "யாரை மாடுங்கிறீங்க?" என்று தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்துவிட்டாள். அன்று முழுக்க அண்ணன் வீட்டில் மாடு மாதிரிதான் வளைய வந்தான், அவளைச் சிரிக்க வைக்க.

கட்டிக்கொண்டவன் சரியில்லாமல் திரும்பி வந்த நான் அவர்கள் வீட்டு மாடியில் இருந்தேன். தபால் ஆபீஸில் வேலை. சாப்பாடு மட்டும் கீழே, அவர்களோடு.

அண்ணனுக்கு இடது காதுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி இருந்தது. வலியில்லை. தெருமுனை டாக்டர் நெறிகட்டியிருக்கும் என்று மாத்திரை கொடுத்தார். அடுத்தவர் காதோரம் எல்லாம் நாளெல்லாம் தொட்டுக் கண்ணாடி மாட்டிவிடுகிறவன், தன் காதோரத்தைக் கவனிக்கவில்லை. பிறகு ஒருநாள் சாப்பிடும்போது அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வாய் சரியா இல்ல."

"ஏன், உன்ன எதாவது சொல்லிட்டேனா?"

"அதில்ல. இடது பக்கம் தாமதமா வருது. ஒரு பக்கம் சொல்லி முடிச்சப்புறம் இன்னொரு பக்கம் சொல்லுது."

நான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவர் அவனைக் கண்ணை இறுக்கி மூடச் சொன்னார், கன்னத்தை உப்பச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். அப்போது எனக்கும் தெரிந்தது. இடது பக்கம் கொஞ்சம் பின்தங்கித்தான் வந்தது.

மருத்துவர் அதிகம் பேசாத மனிதர். அண்ணி வாயைப் பார்க்கிறாள் என்று புரிந்ததும் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"காதுக்கு முன்னாடி, தாடை ஓரமா, எச்சில் சுரப்பி ஒண்ணு இருக்கு. முகத்த அசைக்கிற நரம்பு அதுக்குள்ள புகுந்துதான் போகுது. உள்ள போகும்போது ஒரே தண்டு, வெளிய வரும்போது கிளை கிளையா பிரிஞ்சிடும். இந்தச் சுரப்பில வர்ற கட்டி பெரும்பாலும் சாதுவானதுதான். கட்டிய எடுத்துட்டு நரம்ப அப்படியே விட்டுடலாம். ஆனா சாதுவான கட்டி நரம்புகிட்ட வம்பு பண்ணாது. இது பண்ணுது."

ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் சந்தேகம் என்று வந்தது. ஸ்கேனிலும் அப்படியே. திறந்து பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும் என்றார்கள். கட்டி நரம்பைப் பிடித்திருந்தால் நரம்பையும் சேர்த்து எடுக்க வேண்டிவரும், அதற்கு முன்கூட்டியே சம்மதம் வேண்டும் என்றார் மருத்துவர்.

அண்ணன் தரையைப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தாமலே, அண்ணிக்குத் தெரியாதபடி சொன்னான்:

"அத அவகிட்ட கேளுங்க டாக்டர். எனக்கு என் முகம் கண்ணாடில மட்டுந்தான் வேணும். அவளுக்குத்தான் அது பொழுதன்னிக்கும் வேணும். அவ என்ன சொல்றாளோ அதையே செய்யுங்க."

அவன் சொன்னதை மருத்துவரே அண்ணியிடம் திரும்பச் சொன்னார். அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. "தெறந்து பார்த்துட்டு எங்கிட்ட வந்து சொல்லுங்க, அப்ப சொல்றேன்" என்றாள்; அதற்குச் சம்மதம் என்று அண்ணன் கையெழுத்துப் போட்டான்.

அறுவை நடந்த அன்று நானும் அண்ணியும் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் இருந்தோம். நடுவில் ஒரு நர்ஸ் சின்ன டப்பாவை எடுத்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினாள். எடுத்த சதையை அங்கே உறையவைத்து, மெல்லிசாகச் சீவி, உடனே பார்த்துச் சொல்வார்கள் என்று தெரியும். அதற்குப் பிறகு மருத்துவர் வெளியே வந்தார். முகமூடி போட்டிருந்தார். அண்ணி எழுந்து நின்று அந்தத் துணியையே பார்த்தாள். அவர் சட்டென்று புரிந்துகொண்டு முகமூடியைக் கழற்றினார். அவள் எதிரில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

"புத்துநோய்தான்மா. நரம்பத் தேடிப் போற வகை. நரம்பச் சுத்திக் கொடி மாதிரி ஏறியிருக்கு."

"நரம்ப விட்டா?"

"அதுவும் கூடவே இருக்கும். நரம்பப் பிடிச்சுக்கிட்டே மண்டைக்குள்ள போகும்."

"எடுத்தா?"

"இடது பக்கம் முகம் அசையாது. கண்ணு மூடாது. வாய் வலது பக்கமா இழுத்துக்கும். கால்ல இருந்து ஒரு நரம்பு எடுத்து ஒட்டுப் போடுறேன். ஓரளவுக்கு வரலாம். பழைய முகம் வராது."

"அவர் பேசுறது எனக்குத் தெரியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன்.

"கஷ்டம்மா" என்றார்.

அண்ணி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். அவளுக்கு அவகாசம் வேண்டும்போதெல்லாம் அப்படித்தான் செய்வாள். கண்ணாடி இல்லாத அந்த நேரத்தில் யாராலும் அவளிடம் எதுவும் சொல்ல முடியாது. திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"எடுங்க" என்றாள். அவளுடைய குரல் அந்த நடைபாதை முழுக்கக் கேட்டது.

கட்டுப் பிரித்த அன்று அண்ணன் அவளிடம் ஏதோ சொன்னான். எனக்குக் கொஞ்சம் குழறலாகக் கேட்டது, ஆனால் புரிந்தது. "பயந்துட்டியா?" என்றான். அண்ணி முன்னால் குனிந்து பார்த்தாள். தள்ளி நின்று பார்த்தாள். அவன் மறுபடி சொன்னான், மெதுவாக. வலது பக்க உதடு மேலே ஓடியது. இடது பக்கம் துணி மாதிரி தொங்கியது.

"என்ன சொல்றார்?" என்று என்னிடம் திரும்பினாள்.

அங்கேதான் என் வேலை ஆரம்பித்தது.

முழு ரிப்போர்ட் வந்தபோது அண்ணி அதை எழுதியவரையே பார்க்க வேண்டும் என்றாள். பரிசோதனைக் கூடத்து மருத்துவர் நரைத்த தலை, குள்ளமான உருவம். மறுக்காமல் எங்களை மைக்ரோஸ்கோப்புக்கு முன் உட்கார வைத்தார். ஊதா நிறத்தில் சின்னச் சின்ன ஓட்டைகளோடு, சல்லடை மாதிரி இருந்தது. நடுவே வெளிறிய ஒரு வட்டம்; அதுதான் நரம்பு. அதைச் சுற்றி ஊதா வளையம். பார்க்க அழகாகக்கூட இருந்தது, பாவி.

"நரம்ப மேல வரைக்கும் துரத்திப் போய்தான் வெட்டியிருக்கார். ஆனா எலும்புக்குள்ள நுழையிற இடத்துல, வெட்டின நுனிலயும் அது இருக்கு. அதுக்குமேல கத்தி போக முடியாது. ரேடியேஷன்தான் குடுக்கணும்."

அண்ணி அவர் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப வெட்டினது வீணா?"

"இல்லம்மான்னு சொல்லிடலாம். ஆனா எனக்கு இந்தக் கண்ணாடித் துண்டுல இருக்கிறதுதான் தெரியும். வெட்டாம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இதுல தெரியாது. அன்னைக்கு அங்க நான் இருந்திருந்தாலும் எடுக்கத்தான் சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

வெளியே வந்ததும் அண்ணி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அழுகையும் அவளுக்கு உரக்கத்தான் வரும்.

ரேடியேஷன் முடிந்தது. அண்ணன் கடைக்குப் போகத் தொடங்கினான். மூடாத கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்காருவான். கொஞ்ச காலத்தில் ஒட்டுப் போட்ட நரம்பு உயிர் பிடித்துக் கன்னம் சற்று நிமிர்ந்தது. உதடு மட்டும் திரும்பவில்லை. 'ப', 'ம' என்று உதடு சேர வேண்டிய இடத்தில் காற்றுதான் வந்தது. எழுதிக் காட்டலாம்தான், காட்டினான். ஆனால் உப்பு கம்மி, கதவைச் சாத்து, வெளியே பார் என்ன மழை என்று ஒரு நாளைக்கு ஆயிரம் பேசுகிறோமே, அதையெல்லாம் யார் எழுதிக்கொண்டிருப்பது? எழுதினால் எழுத வேண்டியதை மட்டும்தான் எழுதுவோம். அதனால் அவன் என்னிடம் சொல்வான். நான் அண்ணியைப் பார்த்து அதையே சொல்வேன். அவள் என் உதட்டைப் படிப்பாள்.

நாத்தனார் வாய் வாசல்வரை நீளும் என்பார்கள். எனக்கு அது அவர்கள் படுக்கையறைவரை நீண்டது. "இந்தப் புடவைல நல்லா இருக்கேன்னு சொல்லு" என்பான். நான் அண்ணியைப் பார்த்து "இந்தப் புடவைல நல்லா இருக்கே" என்பேன். அவள் என்னைப் பார்த்து வெட்கப்படுவாள். பிறகு நாங்கள் மூன்று பேருமே வேறு பக்கம் பார்ப்போம். கொஞ்ச நாளில் அவன் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டான்.

ஒருநாள் தண்ணீர் குடிக்கும்போது வாயோரமாக ஒழுகிச் சட்டை நனைந்தது. அண்ணி துண்டை எடுத்துத் துடைக்கப் போனாள். அவன் கையைத் தட்டிவிட்டான்.

"முகத்த வெட்டச் சொன்னவ நீதானே!"

அண்ணி என்னைப் பார்த்தாள். "என்ன சொன்னார்?"

"இன்னும் தண்ணி வேணுமாம்."

அவள் போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவன் முன் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தண்ணி கேக்கிறவர் மொகம் இப்படி இருக்காது. பாதி போயிருக்கலாம். மீதிப் பாதிய எனக்குப் படிக்கத் தெரியும். இனிமே எதையும் பூசி மெழுகாத. சொன்னத அப்படியே சொல்லு."

சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "ஆமா, நாந்தான் சொன்னேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். அன்று மாலைவரை மெஷின் நிற்கவில்லை. அண்ணன் கடைக்குப் போகாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே படுத்திருந்தான். அதன்பிறகு நான் எதையும் மாற்றிச் சொன்னதில்லை.

சில வருஷம் அப்படி ஓடியது. மெதுவாக நகரும் நோய் அது, மெதுவாகத்தான் வந்தது. ஒரு வறட்டு இருமல். படம் எடுத்துப் பார்த்தால் இரண்டு நுரையீரலிலும் சிதறின மணிகள் மாதிரி புள்ளிகள். அறுவை மருத்துவர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அவர் சொல்லாமலே அண்ணி படித்துவிட்டாள்.

கடைசி நாட்களில் அண்ணனை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். மூச்சு வாங்கும். குரல் உள்ளே போய்விட்டது. ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டான். அண்ணி அவன் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவகிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு டாக்டர் என்னைக் கேட்டப்ப, நான் பெருந்தன்மையா அவகிட்ட கேக்கச் சொல்லல. பயம். வெட்டுங்கன்னும் சொல்ல முடியல, வேணாம்னும் சொல்ல முடியல. அவ தலையில தூக்கிப் போட்டுட்டேன். அப்புறம் அவளையே குத்தம் சொன்னேன்."

ஒரு சொல் விடாமல் அண்ணியிடம் சொன்னேன். சொல்லும்போது என் வாய் நடுங்கியது. அவள் புரியவில்லை என்று திரும்பச் சொல்லச் சொன்னாள். இரண்டாம் முறை சொல்லி முடித்தேன்.

"எனக்கு அப்பவே தெரியும்னு சொல்லு" என்றாள் என்னிடம்.

"அண்ணி, அவனுக்குக் காது கேக்குது" என்றேன்.

அவள் ஒரு கணம் விழித்தாள். முதலில் சிரித்தது அண்ணன்தான். பாதி வாயால், இருமிக்கொண்டே சிரித்தான். அப்புறம் அவள் சிரித்தாள், நான் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் அண்ணி என் தோளைத் தொட்டாள்.

"நீ கொஞ்சம் வெளிய போ. நாங்க பேசிக்கிறோம்."

கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் நின்றேன். அவன் குரல் கேட்கவில்லை. அவள் குரல் மட்டும் கேட்டது, ஏற்ற இறக்கம் இல்லாமல், குருட்டாம்போக்கில் தேடிக்கொண்டே: "தண்ணியா? இல்லையா... கடையா? கடை இல்ல... எங்கம்மாவா? ஆமாவா? எங்கம்மாவுக்கு என்ன?" பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு "திரும்பச் சொல்லுங்க" என்றாள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அந்த வாரமே அண்ணன் போய்விட்டான். வந்தவர்கள் சொன்ன ஆறுதல் பேச்சையெல்லாம் அண்ணி பாதியில் விட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவள் முகத்தை நிமிர்த்தாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

கூட்டமெல்லாம் கலைந்து, வீடு பழையபடி ஆன ஒரு நாள், கேட்டேவிட்டேன்.

"அன்னைக்கு உள்ள என்ன சொன்னான் அண்ணி?"

அவள் கையில் பள்ளிக்கூடச் சட்டை ஒன்று இருந்தது. காலரைத் திருப்பி அழுத்திக்கொண்டே யோசித்தாள்.

"பாதிதான் புரிஞ்சுது. மீதிய நானே போட்டுக்கிட்டேன். அது சரியான்னு கேக்கிறதுக்குள்ள தூங்கிட்டார்."

அவள் சட்டையை மெஷினுக்குள் கொடுத்தாள். அந்த வாரத்துக்குள் கொடுக்க வேண்டிய சட்டைகள் கூடையில் இன்னும் நிறைய இருந்தன. நான் எதிரில் உட்கார்ந்து பொத்தான் தைக்கத் தொடங்கினேன்.