வளர்மதியின் பழைய பாஸ்வேர்டு

சில நாளாகவே காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை வளர்மதியின் கணக்கு பூட்டிக்கொண்டது. உத்திரமேரூரை ஒட்டிய அந்தத் தனியார் பால் கொள்முதல் நிலையத்தில் கம்ப்யூட்டரில் பால் வரவைப் பதிகிறவள் அவள்தான். கணக்கு பூட்டிக்கொண்டால் பதிவு நின்றுவிடும். வெளியே கேனோடு நிற்பவர்கள் வெயிலையும் அவளையும் சேர்த்துத் திட்டுவார்கள்.

சென்னை ஆபீசுக்குப் போன் போட்டாள். அங்கிருந்தவன் கணக்கைத் திறந்துவிட்டு எரிந்து விழுந்தான். "யாரோ உங்க பழைய பாஸ்வேர்டையே போட்டுப் போட்டுப் பாக்கறாங்க மேடம். அதான் லாக் ஆகுது. யாருன்னு முதல்ல அங்க பாருங்க."

கம்பெனி உத்தரவுப்படி போன வாரம்தான் புதுசு மாற்றியிருந்தாள். பழையது தெரிந்த ஒரே ஆள், பாலில் கொழுப்பு பார்க்கும் பாண்டியன். அவள் சாப்பிடப் போனால் பதிவு நிற்கக் கூடாதென்று அவளே சொல்லிக் கொடுத்தது. மேனேஜர் பச்சமுத்து கேட்டதும் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டாள். பாண்டியன் காலனிக்காரன். அதற்குமேல் விசாரிக்க வேண்டும் என்று பச்சமுத்துவுக்குத் தோன்றவே இல்லை.

"கைய வெச்சிக்கினு சும்மா இருக்க முடியலையாடா உனக்கு?"

"நான் தொடவே இல்ல சார். நீங்களே சொல்லுங்க மேடம், நான் இன்னாத்துக்கு அத்த பண்ணப்போறேன்?"

வளர்மதி கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து மகளுக்குச் சோறு ஊட்ட உட்கார்ந்தாள். பொம்மைப் படம் ஓடாவிட்டால் அந்த மகாராணி வாயைத் திறக்காது. அதற்கென்றே வளர்மதியின் பழைய போன் இருந்தது. வேளாவேளைக்கு மாமியார் வைஃபையைப் போட்டுக் குழந்தை கையில் கொடுப்பாள். இன்று வளர்மதியே போட்டாள். பொம்மை வருவதற்குள் திரையில் ஒரு வரி வந்தது: ஆபீஸ் மெயில், பாஸ்வேர்டு தவறு.

ஆபீஸ் மெயிலுக்கும் பால் பதிவுக்கும் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. பழைய பாஸ்வேர்டை இந்தப் போனில்தான் சேமித்து வைத்திருந்தாள். குழந்தை சாப்பிட உட்காரும்போதெல்லாம் இது தானாகவே அதைப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறது. மெயிலைப் போனிலிருந்து எடுத்தாள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் மறுநாள் போனாள். பச்சமுத்து சிரித்துக்கொண்டே எதிரே வந்தார்.

"பாத்தியாம்மா? அவன் போனான், லாக் ஆவறதும் நின்னுபோச்சு."

"சார், அது வந்து..."

"பயப்படாத. நீ அவனுக்குப் பாஸ்வேர்டு குடுத்தத மேல நான் சொல்லல. சொன்னா உன் வேலையும் போயிடும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். தன்னை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மத்தியானம் பாண்டியன் கேட்டருகே வந்து நின்றான். உள்ளே வரவில்லை. முகத்தில் அப்படியொரு எதிர்பார்ப்பு.

"மேடம், இன்னிக்கும் லாக் ஆச்சா? ஆச்சுன்னா சார்கிட்ட சொல்லுங்க. நான் வூட்லதான கீறேன்."

"இல்ல பாண்டியா. ஆவல."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்போ நான்தான் தெரியாம எதுனா பண்ணிட்டனா மேடம்?"